உங்கப்பாவின் கண்ணில் இருந்த மஞ்சள்

தம்பி,

போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்பாய். மீதியை நான் குக்கர் சத்தத்தோடு விட்டுவிடுவேன். அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் நீயும் சிந்துவும் சர்ஜாபூர் பக்கம் வீடெடுத்துப் போய்விடுவீர்கள். அத்திப்பள்ளி தாண்டினால் கிட்டத்தில்தான், ஆனாலும் அது உன் வீடு, இது என் வீடு என்று ஆகிவிடும். அதற்குள், இந்த மூன்று மாதமாக நாம் துண்டு துண்டாகப் பேசியதை எல்லாம் ஒரே மூச்சில் எழுதி உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்று எனக்கு வார விடுமுறை. மாவு அரைக்கிற வேலையும் இல்லை. வெளியே நம் ஓசூர்க் குளிர் இன்னும் விடவில்லை.

புதுக் கம்பெனியில் சேர மெடிக்கல் எடுத்தாயே, அந்த வாரத்திலிருந்து தொடங்குகிறேன். ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் ஒன்று புள்ளி இரண்டுக்குள் இருக்க வேண்டியது உனக்கு இரண்டைத் தாண்டி இருந்தது. எஸ்.ஜி.பி.டி. என்று கல்லீரலுக்குப் பார்க்கும் இன்னொன்றும் கொஞ்சம் ஏறி இருந்தது. இரண்டையும் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் 'ஹை' என்று அச்சடித்திருந்தார்கள். நீ யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் செல்போனில் தேடித் தேடிப் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டாய்.

"அம்மா, நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்லு."

"ஏன்டா, சிந்துகூட சண்டையா?"

"இல்ல. எனக்கு லிவர் சரியில்லம்மா. அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. உன்னை மாதிரி அவளையும் தனியா நிக்க வைக்க மாட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கப்பா கொரோனா இரண்டாம் அலையில் நுரையீரல் கெட்டுப்போய் இறந்தவர். இது ஊருக்கே தெரியும். "அப்பாவுக்கு லிவர்னு யார்டா சொன்னது?" என்று கேட்டேன். அப்போதுதான் நீ சொன்னாய். "அந்த டாக்டர்தாம்மா சொன்னார். ஸ்பீக்கர்ல. நான் கேட்டேன்."

அந்தச் சாயங்காலம் எனக்கு மறக்குமா? எனக்கும் காய்ச்சல். நான் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன், நீ வெளியே இருந்தாய். கிருஷ்ணகிரியில் அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒரு டாக்டர் பேசுவார். போனை நீதான் ஸ்பீக்கரில் போட்டுக் கதவோரம் நாற்காலியில் வைத்தாய். "ஆக்சிஜன் ஏத்தியும் நிக்கலம்மா. லிவர் டெஸ்ட்ல வேற பிலிரூபின் ஜாஸ்தியா காட்டுது" என்றார் அவர். அதைக் கேட்டதும் நீ மொட்டை மாடிக்குப் போய்விட்டாய். படியில் உன் காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் தம்பி, அதற்குப் பிறகு நான் பேசியதை நீ கேட்கவில்லை. "அது அவருக்கு எப்பவும் இருக்கறதுதான் சார். பிறவியிலேர்ந்தே. அதை விடுங்க, மூச்சு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். "அப்படியா, சொன்னது நல்லதும்மா. நாங்க அதுக்கு வேற காரணம் தேடிட்டு இருந்தோம்" என்றார் அவர். அப்புறம் மூச்சைப் பற்றி மட்டும்தான் பேசினோம். மறுநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

நீ அந்தப் பாதிப் பேச்சை இத்தனை வருஷம் சுமந்திருக்கிறாய். காலேஜுக்குப் போகும்போது, முதல் சம்பளம் வாங்கி எனக்குப் புடவை எடுத்து வந்தபோது, சிந்துவை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோதுகூட அது உனக்குள் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் போயிற்று. அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நீ எழுந்து போய்விடுவாய். பையனுக்கு இன்னும் ஆறவில்லை என்று நானும் விட்டுவிட்டேன். அப்படி விட்டிருக்கக் கூடாது. ஆறாததைத்தான் பேச வேண்டும். அதனால் இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கப்பா என்னைப் பெண் பார்க்க மத்தூருக்கு வந்த நாள். எங்கள் வீட்டில் கொஞ்சம் நிலக்கடலை, பத்துப் பன்னிரண்டு மாமரம் என்று காடு இருந்தது. அவர் கல்லாவிப் பக்கம். அவருடைய அப்பா அம்மா ஊராரின் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நைட் ஷிப்ட் முடிந்து, குளித்து, அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். பதற்றத்தில் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து டீயைத் தவிர ஒன்றும் இறங்கவில்லையாம். உங்க அத்தை, அதாவது அவருடைய அக்கா, கூட வந்திருந்தாள். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் என் பெரியப்பா, சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பது போல முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா மாப்ள, கண்ணு மஞ்சளா இருக்குது? காமாலையா?"

நான் சமையல்கட்டில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "ராத்திரி தூங்கலைங்க, அதான்" என்று உங்க அத்தை ஆரம்பித்தாள். உங்கப்பா அவளைப் பேச விடவில்லை.

"இல்லீங்க. எனக்குச் சின்ன வயசிலேர்ந்து இப்படித்தான். சாப்பிடாம இருந்தா, காய்ச்சல் வந்தா, கண்ணு மஞ்சளாவும். ரெண்டு நாள் நல்லா சாப்பிட்டா போயிடும். என்னன்னு எனக்கும் தெரியாதுங்க. நீங்களே எங்க வேணா கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கங்க."

நான் தட்டோடு கதவோரம் வந்து அவரை எட்டிப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் தன் குறையைத் தானே எடுத்துச் சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அவருக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்த இரண்டு பேரும் இல்லாத சம்பளத்தைச் சொன்னவர்கள்.

அவர்கள் போன பிறகு வீட்டில் வேண்டாம் என்றுதான் பேச்சு. "சீக்காளிக்குப் பொண்ணு குடுத்து அப்பறம் அழணுமா?" என்றார் பெரியப்பா. நான் உங்க தாத்தாவிடம் போய், "அப்பா, அவரு டெஸ்ட் பண்ணச் சொன்னாருல்ல, பண்ணிப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். கல்யாண விஷயத்தில் நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. தாத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த வாரமே உங்கப்பாவைக் கிருஷ்ணகிரியில் ஒரு வயசான டாக்டரிடம் அழைத்துப் போனார்.

அந்த டாக்டர் ரத்தம் எடுத்தார், கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்தார், ஸ்கேனும் பார்த்தார். பிறகு தாத்தாவை உட்கார வைத்துச் சொன்னாராம். நம் ரத்தத்தில் பழைய அணுக்கள் தினமும் உடைகின்றன. உடையும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு கழிவு வரும், அதுதான் பிலிரூபின். கல்லீரல் அதைப் பக்குவம் பண்ணிப் பித்தத்தோடு வெளியே அனுப்பிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒரு வேலை மட்டும் கொஞ்சம் மெதுவாக நடக்கும். பட்டினி, காய்ச்சல், தூக்கமில்லாமை என்றால் இன்னும் மெதுவாகும், அப்போது கண்ணில் மஞ்சள் தெரியும். மற்றபடி கல்லீரல் நல்லபடியாக இருக்கிறது. தொத்தாது, முற்றாது, மருந்தும் வேண்டாம். இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தாத்தா மலங்க மலங்க விழித்திருக்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கப்பாதான் அவருக்குப் புரிய வைத்தார். "மாமா, என் ஈரலும் ஒரு கம்பெனி மாதிரிதான், மிஷின் எல்லாம் நல்லாத்தான் ஓடுது. பேக்கிங்ல ஒருத்தன் மட்டும் சோம்பேறி. மால் கொஞ்சம் குவிஞ்சு நிக்குது. மால் நல்ல மால்தான்." தாத்தா சிரித்துவிட்டாராம். கல்யாணம் நிச்சயமானது அந்த பஸ்ஸில்தான் என்று சொல்லுவார்.

நாங்கள் ஓசூருக்குக் குடிவந்த லைன் வீடு உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம். ஒரே வரிசையில் ஆறு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்காரம்மா கௌரம்மா கன்னடம்தான் பேசுவார். எனக்கு அப்போது ஒரு வார்த்தை வராது. ஓவர்டைம் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வருகிற நாட்களில் உங்கப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏனம்மா, நிம்ம யஜமான்ரு கண்ணு ஹளதி ஆகிதெ!" என்று பதறிப்போய்க் கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவருவார். மஞ்சளைச் சொல்லும் அந்த 'ஹளதி'தான் நான் கற்றுக்கொண்ட முதல் கன்னடம். உங்கப்பா அவரிடம் அரைக் கன்னடத்தில் பேக்கிங் சோம்பேறி கதையைச் சொல்லுவார். கௌரம்மா தலையாட்டிவிட்டு மறுநாளும் கீழாநெல்லியோடு வருவார். நான் வாங்கி ஜன்னலில் வைத்துவிடுவேன். அந்த வீட்டில் மழை வந்தால் ஒழுகும், கரண்ட் போனால் வராது. ஆனாலும் ஷிப்ட் முடிந்து அவர் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் நான் முதலில் அவருடைய கண்ணைத்தான் பார்ப்பேன். மஞ்சளாக இருந்தால் மத்தியானம் சாப்பிடவில்லை என்று அர்த்தம். பொய் சொல்லவே முடியாது அவரால். "கேன்டீன்ல சாப்ட்டேன்" என்று வாய் சொல்லும், கண் இல்லை என்று சொல்லிவிடும். அப்புறம் திட்டிக்கொண்டே தட்டு வைப்பேன். எங்களுடைய கல்யாண வாழ்க்கையில் பாதி அந்தத் திட்டுதான். இன்றைக்கு அதை நினைத்தால் கண் கலங்குகிறது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தடவை எனக்கே பயம் வந்துவிட்டது. அவருக்கு நல்ல காய்ச்சல், கண் எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிட்டது. உங்க அத்தை வந்து, அஞ்செட்டிப் பக்கம் ஒருவர் காமாலைக்கு மருந்து கொடுக்கிறார், உடனே போகணும் என்று நின்றாள். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அவரை அனுப்பினேன். ஏதோ தழையை அரைத்துப் பாலில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறார்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, மோரும் ஒரு கவளம் சோறும் மட்டும் என்று பத்தியம். பட்டினி கிடக்கக் கிடக்க மஞ்சள் கூடியது. கூடக் கூட அத்தை பத்தியத்தை இறுக்கினாள். கடைசியில் ஒரு நாள் அவர் எழுந்து வந்து, "எனக்குக் களி கிண்டிக் குடு" என்றார். கீரைக் கடைசலோடு இரண்டு உருண்டை ராகிக் களி தின்றார். அதோடு பத்தியம் முடிந்தது, இரண்டு நாளில் கண் வெளுத்தது. "பாத்தியா, மருந்து வேலை செஞ்சிருச்சு" என்றாள் அத்தை. "ஆமாக்கா, களி நல்ல மருந்து" என்றார் உங்கப்பா. நாங்கள் அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் அந்தத் தழை அவருடைய நல்ல கல்லீரலை நிஜமாகவே கெடுத்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னபோது எனக்குச் சில்லென்றது. உனக்கும் நாளைக்கு யாராவது அக்கறையாக எதையாவது அரைத்துக் கொண்டு வருவார்கள். அக்கறையை வாங்கிக்கொள், மருந்தை வாங்கிக்கொள்ளாதே.

இதையெல்லாம் சொன்ன பிறகும் நான் உன்னை, "உனக்கும் அதேதான், விடு" என்று விட்டுவிடவில்லை. எல்லா மஞ்சளும் அப்பா மஞ்சள் ஆகிவிடாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாகலூர் ரோட்டில் அந்த இளம் டாக்டரம்மாவிடம் போனோமே. நீ ரிப்போர்ட்டை நீட்டினாய், அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு உன்னைத்தான் முதலில் கேட்டார். "குடிப்பீங்களா?" நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். "எப்பவாவது... பீர்" என்றாய். பரவாயில்லை, பொய் சொல்லவில்லை. "ஏதாவது மாத்திரை, பவுடர், நாட்டு மருந்து?" அப்போதுதான் வந்தது விஷயம். கல்யாணத்துக்கு உடம்பை ஏற்ற ஜிம்மில் சேர்ந்தது, கொழுப்பைக் கரைக்கும் என்று ஆன்லைனில் ஏதோ கேப்சூல் வாங்கித் தின்றது, மெடிக்கலுக்கு முதல் நாள் முழுக்கப் பட்டினி கிடந்து பளு தூக்கியது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எஸ்.ஜி.பி.டி. கல்லீரலில் இருந்துதான் வரும் என்றில்லை, தசையை அதிகமாக வருத்தினாலும் கொஞ்சம் ஏறும், சில மாத்திரைகளாலும் ஏறும், எடை கூடி ஈரலில் கொழுப்பு படிந்தாலும் ஏறும் என்று பொறுமையாகச் சொன்னார். "கொஞ்சமா ஏறி இருக்கிற ஒரு நம்பரை வெச்சு நானே முடிவு பண்ண மாட்டேன், நீங்க எப்படிப் பண்ணீங்க?" என்று உன்னைக் கேட்டார். கேப்சூலைத் தூக்கிப் போடச் சொன்னார். சில வாரம் கழித்து, ஜிம்முக்குப் போகாத நாளாகப் பார்த்து, மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், ரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உடைகிறதா என்று பார்ப்பது, வயிற்று ஸ்கேன் எல்லாம் எழுதினார். கடைசியாக, "வீட்ல வேற யாருக்காவது கண்ணு மஞ்சளாகுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"எங்கப்பாவுக்கு ஆகும் டாக்டர். அதனால அவருக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருந்தார்."

அப்பா போன பிறகு நீ அவரைப் பற்றி வெளியாளிடம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். உன் குரல் உடையவில்லை. நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், ஏ.சி. குளிர் என்று நீ நினைத்திருப்பாய்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. இறங்கி ஒழுங்காக நின்றது. கிருமி இல்லை, ஸ்கேன் சுத்தம். பிலிரூபின் மட்டும் அதே இடத்தில், அதிலும் பக்குவம் ஆகாத வகை மட்டும் கூடுதல். கில்பர்ட் சிண்ட்ரோம் என்று பெயர் எழுதிக் கொடுத்தார். உங்கப்பாவுக்கு இந்தப் பெயர் தெரியாமலேயே போயிற்று, அவருக்கு அது கடைசிவரை பேக்கிங் சோம்பேறிதான். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதை நீ மறக்கக் கூடாது. வேறு எதற்காவது பெரிய வைத்தியம் பார்த்தால் அந்த டாக்டரிடம் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். கண் மஞ்சளோடு சிறுநீர் டீ மாதிரி போனால், வயிறு வலித்தால், வாந்தி வந்தால் பழைய மஞ்சள்தானே என்று சும்மா இருக்கக் கூடாது, ஓடி வர வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நீ என்னைக் கூட்டிக்கொண்டு பாகலூரில் சிந்து வீட்டுக்குப் போனாய். வழியெல்லாம் நான் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் நீயே, "மாமா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். சிந்துவின் அப்பா ரோஜாத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் கை கழுவி வந்தவர், துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "ஒண்ணும் இல்லாத விஷயத்தை எதுக்குப்பா இவ்வளவு தூரம் வந்து சொல்ற?" என்றார். "நாளைக்கு ஒருநாள் என் கண்ணைப் பாத்து நீங்க பயந்துடக் கூடாதுன்னுதான்" என்றாய். சிந்து கதவில் சாய்ந்து நின்றாள். "பசிச்சா இவருக்குக் கோவம் வரும்னு தெரியும். கண்ணும் மஞ்சளாகுமா? அப்ப நான் இனிமே மூஞ்சப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்" என்றாள். அவளுடைய அம்மா அதற்குள் தெலுங்கில், "முந்து போஞ்செய்யண்டி", முதலில் சாப்பிடுங்கள் என்று தட்டை எடுத்து வைத்துவிட்டார். இந்த வீட்டில் உனக்குக் கண் மஞ்சளாக வாய்ப்பே இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இனி ஒன்றே ஒன்றுதான். முகூர்த்தம் விடியற்காலையில். தாலி கட்டும்வரை சாப்பிடக் கூடாது என்று யாராவது சொல்லுவார்கள். நான் பேசி வைத்துவிட்டேன், மணவறைக்குப் போகுமுன் நீ இரண்டு இட்லியாவது தின்ன வேண்டும். சாப்பிட மறந்துபோய்ப் போட்டோவில் கண் மஞ்சளாக விழுந்தால் விழட்டும். எங்கள் கல்யாணத்தில் அவர் சாப்பிடாமல்தான் உட்கார்ந்தார். ஆல்பம் கொடுக்க வந்த போட்டோக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மன்னிச்சுக்கங்க சார், லேப்ல கலர் மிஸ்டேக் பண்ணிட்டாங்க. எல்லாப் படத்துலயும் உங்க கண்ணு மஞ்சளா விழுந்துடுச்சு. வேற பிரிண்ட் போட்டுத் தரேன்" என்றார். உங்கப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்தார்.

"வேண்டாங்க. கலர் சரியாத்தான் வந்திருக்கு."

அம்மா